பக்கத்தில் இந்தியா இருக்க, இலங்கைச் சட்டை ஏன் அமெரிக்காவுக்குப் போகிறது?

பிறகு வந்து படிப்பவர்களுக்கும் புரியட்டும் என்று கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் இங்கே சிங்கப்பூரில் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர். பெரிய நாடாகவும் பக்கத்து நாடாகவும் இருந்தால் வணிகம் அதிகம் நடக்கும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அவர் இலங்கையின் கணக்கை எடுத்துப் பார்த்திருக்கிறார். தலைமன்னாரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இந்தியா இருக்கிறது, ஆனால் இலங்கைப் பொருளை அதிகம் வாங்குவது பூமியின் மறுபக்கத்தில் இருக்கும் அமெரிக்கா. பாடம் தப்பா, இலங்கை ஏதாவது தப்புச் செய்கிறதா, பாலம் போட்டால் இது மாறுமா என்பதுதான் கேள்வி. இலங்கையின் பெயரைச் சொல்லிக் கேட்டாலும், வளரும் நாடு ஒன்று யாருக்கு விற்கிறது, யாரிடம் வாங்குகிறது என்பதை எது முடிவு செய்கிறது என்றுதான் அவர் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் பொருளாதாரப் பேராசிரியர் இல்லை. 26 ஆண்டுகளாகக் கப்பல் சரக்கு அனுப்பும் தொழிலில் இருக்கிறேன், அதில் பெரும்பகுதி ஆவண மேசையில். கொழும்பு, வங்காளதேசத்தின் சட்டோகிராம், தூத்துக்குடி, சென்னை இவைதான் என் ஊர்கள் என்று சொல்லலாம், பாதி ஊரை நேரில் பார்த்ததில்லை என்றாலும் அவற்றின் பி.எல்.களும் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) எல்.சி.களும் (வாங்குபவருக்காக வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடிதம்) எனக்கு மனப்பாடம். அதனால் வரி, மூலச் சான்றிதழ் (பொருள் எந்த நாட்டில் உண்டானது என்று காட்டும் தாள்), கப்பல் ஓட்டம் பற்றி நான் சொல்வதை நம்பலாம். நாணய மதிப்பு, ஒப்பந்தங்களின் மொத்த விளைவு பற்றிச் சொல்வது படித்துத் தெரிந்துகொண்டது, அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாடம் தப்பில்லை. யான் டின்பெர்கன் என்ற பொருளாதார அறிஞர் 1962-லேயே சொன்ன விஷயம் அது. இரு நாடுகளின் பொருளாதாரம் பெரிதாக இருக்க இருக்க வணிகம் கூடும், தூரம் கூடக் கூடக் குறையும். அறுபது ஆண்டுகளாக எத்தனையோ பேர் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடையும் ஏறக்குறைய அதேதான்: தூரம் இரட்டிப்பானால் வணிகம் ஏறக்குறைய பாதியாகும். ஆனால் இது ஒரு சராசரி. உலகத்தில் உள்ள எல்லா ஜோடி நாடுகளையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கி எடுத்த சராசரி. ஒரு குறிப்பிட்ட ஏழை நாடு, ஒரு குறிப்பிட்ட பொருள் என்று வந்துவிட்டால் மற்ற காரணங்கள் எழுந்து நிற்கும்.

முதலில் ஒரு கேள்வியை இரண்டாக உடையுங்கள். ஒரு நாட்டின் "முக்கியப் பங்காளி யார்" என்று ஒரே மூச்சில் கேட்கக் கூடாது. விற்பதில் யார், வாங்குவதில் யார் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் இரண்டையும் முடிவு செய்வது வெவ்வேறு விஷயங்கள். 2023-இல் இலங்கை ஏறக்குறைய 1,190 கோடி டாலருக்குப் பொருள் விற்றது, 1,680 கோடி டாலருக்கு வாங்கியது. விற்றதில் கிட்டத்தட்ட கால் பங்கு அமெரிக்காவுக்கு. வாங்கியதில் முதல் இரண்டு இடத்தில் இருப்பவை இந்தியாவும் சீனாவும். ஆக, வாங்கும் பக்கம் பார்த்தால் உங்கள் பாடம் அப்படியே பொருந்துகிறது. விற்கும் பக்கம்தான் பொருந்தவில்லை.

ஏன் பொருந்தவில்லை என்றால், இலங்கை விற்பது என்ன என்று பாருங்கள். ஆடை, தேயிலை, ரப்பர் பொருள், தென்னைப் பொருள், மசாலா. ஆடை மட்டுமே ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. இதில் எது இந்தியாவிடம் இல்லை? திருப்பூருக்குப் பக்கத்தில் போய் பனியன் விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். தேயிலையோ, இந்தியா ஆண்டுக்கு 130 கோடி கிலோ அளவில் தானே விளைவிக்கிறது. பக்கத்து நாடு என்றால் மண், மழை, கூலி எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், அதனால் விளைவதும் ஒன்றாகவே இருக்கும். வளரும் நாடுகள் பல தங்கள் அண்டை நாடுகளோடு குறைவாகவே வணிகம் செய்வதற்கு இது ஒரு பெரிய காரணம். ஐரோப்பாவில் ஜெர்மனியும் பிரான்சும் ஒன்றுக்கொன்று கார் விற்றுக்கொள்கின்றன என்பது உண்மைதான், அங்கே ஒரே பொருளில் நூறு வகை இருக்கிறது, இரண்டு வகையையும் வாங்கப் பணம் இருக்கிறது. விலையை மட்டும் வைத்துப் போட்டியிடும் சாதாரண டி-ஷர்ட்டில் அந்த வசதி கிடையாது.

சரி, அமெரிக்கா எப்படி வந்தது? இதைச் சந்தைதான் கண்டுபிடித்தது என்று நினைத்தால் பாதிக் கதை போய்விடும். 1974 முதல் 2004 முடிய உலக ஆடை வணிகம் ஓர் ஒதுக்கீட்டு முறைக்குள் நடந்தது. பல இழை ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர், கடைசிப் பத்து ஆண்டுகள் அதைப் படிப்படியாகக் கலைத்தார்கள். அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இத்தனை டஜன் சட்டைதான் என்று எல்லை வைத்தன. ஹாங்காங், கொரியா, தைவான் ஆலைகளுக்கு ஒதுக்கீடு நிரம்பிவிட்டது. ஒதுக்கீடு மீதமிருக்கும் நாட்டைத் தேடி அவர்களும் அவர்களின் வாடிக்கையாளர்களும் கிளம்பினார்கள். இலங்கை 1977-இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டு, 1978-இல் கட்டுநாயக்க சுதந்திர வணிக வலயத்தைத் தொடங்கியிருந்தது. நேரம் அப்படி அமைந்தது. வங்காளதேசத்தின் கதை இன்னும் தெளிவு: 1979-இல் டேஷ் கார்மென்ட்ஸ் என்ற நிறுவனம் கொரியாவின் டேவூவோடு கைகோத்து, சுமார் 130 பேரைப் பயிற்சிக்கு அங்கே அனுப்பியது. திரும்பி வந்தவர்களில் பலர் பிறகு சொந்த ஆலை வைத்தார்கள். பணக்கார நாடுகள் தங்கள் ஆலைகளைக் காப்பாற்றப் போட்ட தடை, தெற்காசியாவில் ஒரு தொழிலையே உண்டாக்கிவிட்டது. 2005 ஜனவரி 1 அன்று ஒதுக்கீடு முழுசாகப் போனபோது இலங்கை ஆலைகள் மூடிவிடும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். சிறிய ஆலைகள் பல மூடின. பெரியவை உள்ளாடை, விளையாட்டு உடை மாதிரி நுணுக்கமான வேலைக்கு மாறி நின்றன. முப்பது ஆண்டு பழகிய வாங்குபவர், அவருடைய அளவு, அவருடைய சோதனை முறை, அவருடைய கெடு, இதெல்லாம் ஒரு நாட்டுக்குச் சொத்து.

அமெரிக்கா ஏதோ சலுகை கொடுத்ததால் இது நடந்தது என்றும் நினைக்க வேண்டாம். அங்கே வளரும் நாடுகளுக்கான வரிச் சலுகைத் திட்டம் பெரும்பாலான ஆடைகளைத் தொட்டதே இல்லை. பருத்தி டி-ஷர்ட்டுக்கு 16.5 சதவீதமும் செயற்கை இழை டி-ஷர்ட்டுக்கு 32 சதவீதமும் கட்டித்தான் இலங்கைச் சரக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இதற்கு மேல் 44 சதவீதம் கூடுதல் வரி என்று அறிவித்த அன்று என் மேசையில் தொலைபேசி வைக்கவே முடியவில்லை. ஜூலையில் அது 30 என்றானது, ஆகஸ்டில் 20 ஆனது. அப்போது கொழும்பிலிருந்து பேசியவர்கள் எல்லாரும் என்னிடம் முதலில் கேட்டது "வியட்நாமுக்கு எவ்வளவு, பங்களாதேஷுக்கு எவ்வளவு" என்றுதான். அந்த இரண்டு நாடுகளுக்கும் 20 என்று தெரிந்த பிறகுதான் அவர்கள் குரலில் மூச்சு வந்தது. வரி எவ்வளவு என்பதோடு, பக்கத்துக் கடைக்காரனுக்கு எவ்வளவு வரி என்பதும் சேர்ந்துதான் வாங்குபவர் எந்த நாட்டுக்குப் போவார் என்பதை முடிவு செய்கிறது.

இந்தியாவோடு ஒப்பந்தம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதன் உள்ளே போய்ப் படிக்க வேண்டும். தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ வரைதான் சலுகை. ஆடைக்கு ஆரம்பத்தில் 80 லட்சம் உருப்படி வரைதான், அதிலும் பெரும்பகுதி இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை, குறிப்பிட்ட துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும் என்றும் கட்டுப்பாடு. எந்தப் பொருளில் இலங்கைக்குக் கை தேர்ந்திருக்கிறதோ அந்தப் பொருளுக்குத்தான் கதவு குறுகலாக இருக்கும். இதில் இந்தியாவை மட்டும் குறை சொல்ல மாட்டேன், எல்லா நாடும் இப்படித்தான் எழுதும், அங்கேயும் தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் மிளகு விவசாயியும் ஓட்டுப் போடுகிறார்கள். பிறகு வனஸ்பதிக் கதை ஒன்று உண்டு. பாமாயிலுக்கு இந்தியாவில் வரி அதிகம், இலங்கையில் குறைவு. இந்திய முதலீட்டாளர்களே இலங்கையில் ஆலை போட்டு, பாமாயிலை இறக்கி, வனஸ்பதியாக்கி, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். செம்பிலும் இதே கதை. அந்த ஐந்தாறு ஆண்டில் இந்தியாவுக்கான இலங்கை ஏற்றுமதி பல மடங்கு ஏறியது. இந்தியா கட்டுப்பாடு போட்டதும் அந்த ஏற்றம் அப்படியே அடங்கிவிட்டது. இலங்கை இந்தியாவோடு வணிகத்தில் முன்னேறியதற்கு அந்த ஆண்டுகளின் எண்ணைச் சான்றாகக் காட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், அதில் பெரும்பகுதி இரண்டு நாட்டு வரி விகிதத்தின் இடைவெளிதான்.

விதி என்பது சட்டப் புத்தகத்தில் மட்டும் இல்லை என்பதற்கு என் மேசையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னால் இலங்கைக் கிராம்பு ஒரு கண்டெய்னர், தமிழ்நாட்டுத் துறைமுகம் ஒன்றுக்குப் போனது. வாங்கி விற்றவர் சிங்கப்பூர் வணிகர், அதனால் சரக்கு கொழும்பிலிருந்து நேராகப் போகும், விலைப்பட்டியல் மட்டும் இங்கிருந்து போகும். மூலச் சான்றிதழில் கொழும்பு விற்பனையாளரின் பட்டியல் எண் இருந்தது, சுங்கத்தில் காட்டியது எங்கள் வணிகரின் பட்டியல். இரண்டும் ஒத்துப்போகவில்லை. மூன்றாம் நாட்டுப் பட்டியல் என்று சான்றிதழில் ஒரு வரி போடச் சொல்லியிருக்க வேண்டும், அதை நான்தான் கவனிக்கவில்லை. கடலில் ஒரு நாள்கூட ஆகாத பயணம். துறைமுகத்தில் 17 நாள் கிடந்தது. கடைசியில் சலுகையே வேண்டாம் என்று வாங்கியவர் முழு வரியையும் கட்டி எடுத்துப்போனார், அதற்குப் பிறகு அவர் இலங்கைக் கிராம்பு பக்கமே வரவில்லை. அதிகாரி செய்ததில் தப்பில்லை, வியட்நாம் மிளகு இலங்கை வழியாக வருகிறது என்று அந்தக் கரையில் புகார் ஓயாமல் இருந்த நேரம் அது. ஆனால் இப்படி இழந்த வாடிக்கையாளர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் வருவதில்லை, தூரத்தை வைத்துப் போடும் கணக்கிலும் வருவதில்லை. கனடாவில் ஜான் மக்கல்லம் என்ற பொருளாதார அறிஞர் 1988-ஆம் ஆண்டு கணக்கை வைத்து, கனடா மாகாணங்கள் அதே அளவும் அதே தூரமும் உள்ள அமெரிக்க மாநிலங்களோடு செய்வதைவிடத் தங்களுக்குள் 22 மடங்கு வணிகம் செய்கின்றன என்று காட்டினார். பிறகு வந்தவர்கள் அந்த 22 மிகை என்று நிறையக் குறைத்தார்கள், ஆனால் எல்லைக்கோடு தானே ஒரு தடை என்பதை யாரும் மறுக்கவில்லை. ஒரே மொழி பேசும், நட்பான, பணக்கார நாடுகளுக்கு நடுவிலேயே அப்படி.

தூரத்தைப் பற்றியும் ஒரு திருத்தம். கிலோமீட்டரில் அளக்காதீர்கள், வாரத்துக்கு எத்தனை கப்பல் என்று அளங்கள். ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் ஓடும் பெருங்கப்பல்களின் பாதையில் கொழும்பு உட்கார்ந்திருக்கிறது, சிங்கப்பூர் மாதிரி. தூத்துக்குடியிலிருந்து கிளம்பும் சரக்கே சிறு கப்பலில் கொழும்பு போய்ப் பெருங்கப்பலுக்கு மாறுவது வழக்கமாக இருந்தது, கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் 2025-இல் திறந்த பிறகுதான் அந்தக் கணக்கு அசையத் தொடங்குகிறது. அதனால் கொழும்பிலிருக்கும் ஆலைக்கு ராட்டர்டாம் போவது, வரைபடம் காட்டும் அளவுக்குத் தொலைவு இல்லை. கடல் கட்டணம் ஒரு சட்டைக்குச் சில காசுதான். அனுப்பும் நாள் தவறாமல் இருப்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

வாங்கும் பக்கம் வேறு உலகம். ஒருமுறை ஒரே ஆர்டரின் ஆவணங்களை எல்லாம் வரிசையாக அடுக்கிப் பார்த்தேன்: துணி சீனாவிலிருந்து, ஒரு பகுதி இந்தியாவிலிருந்து, பொத்தான் ஹாங்காங் வழியாக, நூலும் அட்டைப்பெட்டியும் இலங்கையிலேயே, கழுத்துப்பட்டியில் "இலங்கையில் தயாரானது". அமெரிக்காவுக்கு விற்பதும் சீனாவிலிருந்து வாங்குவதும் இரண்டு செய்தி இல்லை, ஒரே சட்டையின் இரண்டு ஆவணம். இதனால்தான் "சீனாவோடு இவ்வளவு பற்றாக்குறை" என்ற தலைப்புச் செய்திக்கு நான் அவ்வளவாகப் பதறுவதில்லை. அந்தத் துணியை நிறுத்தினால் சட்டையும் நின்றுவிடும். அதோடு, பட்டியலில் சிங்கப்பூர் பெயர் வருவதையும் பார்த்திருப்பீர்கள். இங்கே எண்ணெய்க் கிணறு ஒன்றுகூட இல்லை, ஜூரோங் தீவில் சுத்திகரித்து விற்கிறோம், கணக்கில் நம் பெயர் ஏறுகிறது. பங்காளிப் பட்டியலை இப்படிக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டும்.

வாங்கும் பக்கத்தில் இன்னொரு விஷயம், கடன். காசில்லாத நாடு, கடனுக்குத் தருபவரிடம்தான் வாங்கும். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த காலத்தில் எந்த வங்கி திறந்த எல்.சி.யையும் இங்கே ஏற்கத் தயங்கினார்கள். பருப்பு அனுப்பத் தயாராக இருந்த வணிகர்கள்கூட முன்பணம் கேட்டார்கள். அந்த ஆண்டு இந்தியா மொத்தம் சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது, அதில் உணவு, மருந்து, எரிபொருளுக்கான கடன் வசதிகளும் அடக்கம். இந்தியாவிலிருந்து வாங்கினால்தான் அந்தக் கடன். பழைய கதையும் உண்டு: 1952-இல் அரிசி விலை எகிறி, ரப்பர் விலை விழுந்தபோது, இலங்கை சீனாவோடு ரப்பர்-அரிசி ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு 50,000 டன் ரப்பர், 2,70,000 டன் அரிசி. அமெரிக்கா கோபித்து உதவியை நிறுத்தியது, ஆனாலும் அந்த ஏற்பாடு 1982 வரை நீடித்தது. 2021 டிசம்பரில் ஈரானுக்குத் தர வேண்டிய 25.1 கோடி டாலர் எண்ணெய்ப் பாக்கிக்குத் தேயிலையாகவே தருகிறோம் என்று பேசி முடித்ததும் அதே வழிதான். டாலர் தீர்ந்துபோன நாடு, டாலர் கேட்காத பங்காளியைத் தேடும்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி வருவதில் அறிஞர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. சலுகை வரி எவ்வளவு உதவுகிறது? மனித உரிமை உடன்படிக்கைகளைச் சரியாக நிறைவேற்றவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஆகஸ்டில் இலங்கையின் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற இறக்குமதி வரிச் சலுகையை எடுத்துவிட்டது, 2017 மேயில் திருப்பிக் கொடுத்தது. எடுத்த மறு ஆண்டு ஆடை ஏற்றுமதி விழவில்லை, ஏறியது. சலுகை வீண் என்பார்கள் சிலர். எடுக்காமலிருந்தால் இன்னும் ஏறியிருக்கும் என்பார்கள் சிலர். எனக்குத் தோன்றுவது, சலுகை இருந்தபோதே அது முழுசாகக் கைக்கு வரவில்லை. இலங்கைக்குத் துணியையும் உள்ளூரிலேயே நெய்திருக்க வேண்டும் என்கிற மாதிரி இரட்டைப் படி விதி. துணியோ சீனாவிலிருந்து வருகிறது. வங்காளதேசம் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் இருப்பதால் 2011 முதல் தைத்தாலே போதும் என்று அதற்கு விதி தளர்ந்தது, அதன் பிறகு அங்கே ஐரோப்பாவுக்கு ஏறிய வேகத்தை என் மேசையிலேயே பார்த்தேன். நாணய மதிப்பு அடுத்த சண்டை. ரூபாய் விழுந்தால் ஏற்றுமதி எழும் என்பது பாடம். 2022-இல் டாலருக்கு 200 ரூபாயாக இருந்தது 360-க்குப் போனது. அந்த ஆண்டு 1,310 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி அடுத்த ஆண்டு 1,190 கோடியாக இறங்கியது. அந்த நேரத்தில் மேற்கில் கடைகள் சரக்கைக் குறைத்துக்கொண்டிருந்தன, துணிக்கும் டாலரில்தான் பணம் கட்ட வேண்டும். இது ஒரு நாட்டின் ஓராண்டுக் கதை, இதை வைத்துப் பாடத்தைத் தள்ளிவிட முடியாது, ஆனால் பாடம் தானாக வேலை செய்யாது என்பது தெரிகிறது.

அப்புறம் பாலம். தரைவழி எல்லை இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமானால் வங்காளதேசம், இந்தியா நடுவில் பெட்ராபோல்-பெனாபோல் எல்லைச் சாவடியைப் பாருங்கள். தூரம் பூஜ்யம். லாரிகள் வரிசையில் நிற்கும், சரக்கை எல்லையில் இறக்கி வேறு லாரியில் ஏற்றுவார்கள். 2025 ஏப்ரலில் வங்காளதேசம் இந்திய நூலைத் தரைவழியாக வாங்குவதை நிறுத்தியது, மே மாதம் இந்தியா அங்கிருந்து வரும் ஆயத்த ஆடை கொல்கத்தா, மும்பைக்குப் பக்கத்து நவசேவா துறைமுகங்கள் வழியாகத்தான் வரலாம் என்றது. சாலை அங்கேயேதான் இருந்தது, சரக்கு கடலைச் சுற்றிக்கொண்டு போனது. ஆகவே பாலம் வந்தால் வெங்காயம், காய்கறி, மீன், மருந்து மாதிரி கெடுகிற சரக்கும் அவசரச் சரக்கும் கூடும் என்று உறுதியாகச் சொல்வேன், அதிலும் இலங்கை வாங்குவதுதான் அதிகமாகும். அமெரிக்கா முதலிடத்திலிருந்து இறங்குமா என்றால், பாலத்தால் இறங்காது என்பது என் கணிப்பு. 1914 முதல் 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை சென்னையிலிருந்து ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போகும் வழி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மனிதர்கள் அதில் லட்சக்கணக்கில் போனார்கள், அரிசியும் கருவாடும் துணியும் போயின. அந்த ஐம்பது ஆண்டும் மலையகத் தேயிலை கொழும்புக்கு இறங்கி, கப்பலேறி லண்டன் மாதிரி தூரத்துச் சந்தைகளுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.